பதினொன்றாவது தென்னை

பெரியப்பா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். போய்ச் சேர்ந்தவரிடம் இப்படிக் கேட்பது கிறுக்குத்தனம் என்று எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் இருக்கும் இடத்திலும் கூட்டம் இருக்கும். கூட்டத்தைப் பார்த்தால் நீங்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டீர்கள். முப்பத்தோரு வருடம் கண்டக்டராக இருந்தவர் அல்லவா? அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன். யாரிடமும் வேண்டாம். பெரியம்மாவிடம் வேண்டவே வேண்டாம். பெரியம்மாவிடம் நானே சொல்ல வேண்டியது இது. பதினைந்து நாளாகச் சொல்ல முடியாமல் இருக்கிறேன்.

உங்கள் விசில் என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. மூடியைத் திறந்தாலே ரப்பர், பென்சில் சீவல் எல்லாவற்றுக்கும் மேலே உங்கள் தைலத்தின் வாசனைதான் வருகிறது. விசிலைக் கட்டியிருந்த கறுப்புக் கயிறு அந்த வாசனையைக் குடித்துவைத்திருக்கிறது. இன்னும் போகவில்லை. பெரியம்மா அதைத் தேடாத இடமில்லை. நாளைக்குப் பதினாறாம் நாள் காரியம், அடியந்திரம். உங்கள் படத்துக்கு முன்னால் தோல் பையையும் விசிலையும் வைக்க வேண்டுமாம். இன்று சாயங்காலம் அரிசிப் பானைக்குள் கையை விட்டுக்கூடத் தேடினார். "ஒரு விசிலு, காலு மொளச்சா போவும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் பாத்திரம் கழுவுவதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

அம்மாவும் நானும் இப்போது உங்கள் வீட்டில்தான் படுக்கிறோம். பெரியம்மாவைத் தனியாக விடக்கூடாது என்று அப்பா சவுதியிலிருந்து போன் பண்ணிச் சொல்லிவிட்டார். அம்மாவும் பெரியம்மாவும் முன்னறையில். நான் உங்கள் அறையில், பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கிறேன். ஜன்னலைத் திறக்கவில்லை. திறந்தால் நம் தென்னை விளை தெரியும். வரிசையில் பதினொன்றாவது தென்னை தெரியும். அதன் மூட்டில், மரத்தடியில், நம் வழக்கப்படி உங்களை வடக்கு பார்த்து உட்காரவைத்து அடக்கம் பண்ணி மூடிய மண் இன்னும் காயவில்லை. நல்ல நிழலான இடம் என்று பெரியம்மாதான் அந்த இடத்தைக் காட்டினார். அது எந்த இடம் என்று பெரியம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஆனி மாதம் ஒரு காலையில் நீங்கள் காப்பி டம்ளரைக் கீழே போட்டீர்கள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வலது கை, வலது கால் இரண்டும் உங்களுடையது இல்லை என்பதுபோலத் தொங்கின. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு வந்தபோது உங்களிடம் ஒரே ஒரு வார்த்தைதான் மீதி இருந்தது. டிக்கெட். தண்ணீர் வேண்டும் என்றாலும் டிக்கெட். ஒன்றுக்குப் போக வேண்டும் என்றாலும் டிக்கெட். என்னைக் கூப்பிடவும் டிக்கெட், பெரியம்மாவைக் கூப்பிடவும் டிக்கெட்.

"நாப்பது வருசம் கூட வாழ்ந்தவளுக்கு டிக்கெட்டுன்னு பேரு வச்சிட்டாரு பாத்தியா," என்று பெரியம்மா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, அடுக்களைக்குள் போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். நீங்கள் கட்டிலில் இருந்தபடி என்னைப் பார்த்தீர்கள். சொல் வராவிட்டாலும் உங்களுக்கு எல்லாம் விளங்குகிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

பிசியோ அக்கா வாரத்துக்கு இரண்டு நாள் ஸ்கூட்டியில் வருவார். முதல் நாளே உங்கள் பழைய காக்கிச் சட்டையை ஆணியில் பார்த்துவிட்டார். "மாமா கண்டக்டரா? அப்போ எளுப்பம், ஈசியா முடிஞ்சிரும்," என்றார். "மாமா, ரோடு அடஞ்சா பஸ்ஸ நிறுத்திருவியளா? சுத்து வழியில விடுவியள்லா? ஒங்க மூளைக்குள்ள ஒரு ரோடு அடஞ்சு கெடக்கு. தெனமும் நடந்தா ரத்தம் நல்லா ஓடி, மூள வேற வழி பாத்துக்கிடும். வயசானாலும் பாத்துக்கிடும். கொஞ்சம் சாவகாசமா பாக்கும், அவ்வளவுதான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "காலு மட்டும் நடந்தா போராது மக்கா. நடக்கும்போது வாயும் நடக்கணும். எதையாவது ஓர்ம பண்ணி, ஞாபகத்துக்குக் கொண்டுவந்து, சொல்லிக்கிட்டே நடக்கணும். நீதான் கூட நிக்கணும். நீதான் ஒங்க பெரியப்பாவுக்கு டாக்டர், கேட்டியா?"

அந்தச் சொல்தான் என் தலையில் ஏறிவிட்டது பெரியப்பா. டாக்டர்.

கட்டிலிலிருந்து கதவுவரை நான்கு அடி. ஒரு வாரம் அதுதான் நமக்கு ஊர்ப்பயணம். அப்புறம் வராந்தா. அப்புறம் முற்றம். மூன்றாவது வாரம் விளைக்கு இறங்கினோம். வேலியோரமாக வரிசையில் நிற்கிற தென்னைகளைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. உங்கள் ரூட்டில் இருபத்துமூன்று நிறுத்தம். கருங்கல் ஊரில் கிளம்பி, தக்கலை வழியாக அரண்மனை வாசல்வரைக்கும். அதை எத்தனை தடவை சொல்லிப் பீற்றியிருக்கிறீர்கள். "இருவத்திமூணு ஸ்டாப்பு, கண்ண மூடிக்கிட்டு சொல்லுவேன், வளவுல சாயுறத வச்சே சொல்லுவேன்." சரி, ஒரு தென்னைக்கு ஒரு நிறுத்தம் என்று வைத்துக்கொண்டேன். முதல் தென்னையின் மூட்டில் உங்களை நிறுத்தி, விசிலைக் கழுத்தில் மாட்டிவிட்டு, "இது எந்த ஸ்டாப்பு பெரியப்பா?" என்று கேட்டேன்.

"டிக்கெட்," என்றீர்கள்.

ஆறு நாள் எல்லாத் தென்னையும் டிக்கெட்தான். ஏழாவது நாள் முதல் தென்னையைத் தாண்டி இரண்டாவதில் கை வைத்தீர்கள். உங்கள் தாடை நடுங்கியது. "சந்த," என்றீர்கள். "சந்த முக்கு." மரச்சீனிக் கிழங்குக்குத் தோலுரித்துக்கொண்டிருந்த பெரியம்மா கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். நீங்கள் விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதினீர்கள். காற்றுதான் வந்தது. உதடு இன்னும் ஒட்டவில்லை. ஆனாலும் இரண்டு. ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் போ. அதை உங்கள் மூளை மறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சில நாள் ஒன்று வந்து இரண்டு போய்விடும். சில நாள் காலையில் இருந்தது சாயங்காலம் இருக்காது. அக்கா மருந்துச் சீட்டின் பின்னால் அடிகளைக் குறித்து வைக்கச் சொன்னார். நாற்பது அடி. எண்பது அடி. இருநூறு. நடை கூடக் கூட வார்த்தைகளும் கூடின. தென்னைகளுக்கு நடுவில் மற்றதும் வந்தது. என் பெயர் வந்தது. வெளுத்த பசுவுக்கு நீங்கள் வைத்த பெயர் வந்தது. ஒரு நாள் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, "செல்லம், வெள்ளம் கொண்டா," என்றீர்கள். பெரியம்மா தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றுவிட்டார். நாற்பது வருடத்தில் நீங்கள் அவரைப் பெயர் சொல்லி விளித்ததே இல்லையாம். "இது மட்டும் திரும்ப மறந்திருங்க," என்றார். "பிள்ளைக்க முன்னால நாணமா இருக்கு."

அன்றைக்குத்தான் நீங்கள் அக்காவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தீர்கள். "சுத்து வழியில போனா... எடையில உள்ள ஸ்டாப்பு... போயிரும்லா?"

அக்கா சிரித்தார். "போனா போவட்டும் மாமா. ஊரு சேர்ந்தா போராதா?"

நீங்கள் சிரிக்கவில்லை. நான் அதை அப்போது கவனித்தேன். கவனித்துவிட்டு விட்டுவிட்டேன்.

ஐப்பசி பிறந்தபோது உங்களுக்கு இருபத்திரண்டு நிறுத்தம் வந்துவிட்டது. ஆலமூடு பத்தாவது. பாலத்தடி பதினொன்றாவது. அரண்மனை இருபத்திரண்டாவது தென்னையில் முடிந்தது. ஒன்று குறைகிறது. எங்கே குறைகிறது என்று உங்களிடம் கேட்டால் நெற்றியைச் சுருக்குவீர்கள், மறுபடி முதலிலிருந்து சொல்வீர்கள், மறுபடி இருபத்திரண்டு. பெரியம்மாவிடம் கேட்டேன். பாயை உதறிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"இருவத்திரெண்டு போரும் மக்கா."

"ஒண்ணு கொறயுதே பெரியம்மா."

"கொறயட்டும். எல்லாம் வரணும்னு இல்ல. வந்தது போரும். நீ தோண்டாண்டாம்."

அவ்வளவு தெளிவாகச் சொன்னார். நீ தோண்டாண்டாம். தெரியாமல் செய்தேன் என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது.

எனக்கு அந்த ஒன்று வேண்டியிருந்தது. கணக்குப் பேப்பரில் தொண்ணூற்றொன்பது வாங்கினால் அந்த ஒரு மார்க் எங்கே போயிற்று என்று இரவெல்லாம் யோசிப்பேனே, அதுபோல. சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டு, கருங்கல்லில் உங்கள் ரூட் பஸ்ஸில் ஏறினேன். அரண்மனைவரை போனேன். நோட்டிலிருந்து கிழித்த தாளில் ஒவ்வொரு நிறுத்தமாக எழுதினேன். ஆலமூடு தாண்டி, கால்வாய் ஓரமாக ஒரு வளைவு. ஒரு பெரிய மதகு. பஸ் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். "மதகடி," என்றார் கண்டக்டர். சந்தோஷத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன். பதினொன்று: மதகடி.

திங்கட்கிழமை பள்ளியிலிருந்து வரும்போது மழை. குடையில்லாமல் நனைந்து வந்தேன். வீட்டில் தங்கப்பன் மாமாவின் செருப்புக் கிடந்தது. உங்கள் பஸ்ஸின் டிரைவர். மத்தியானமே வந்திருக்கிறார். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பழங்கதை பேசிக்கொண்டிருந்தார். நீங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் போட்ட சண்டைகள் எனக்கு மனப்பாடம். மற்ற கண்டக்டர்கள் இரண்டு விசில் அடித்துவிட்டு டிக்கெட் கொடுக்கப் போய்விடுவார்கள். நீங்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பின்படியில் தலையை நீட்டி, "எறங்கியாச்சா மக்கா?" என்று கேட்பீர்கள். இறங்கினவர்கள் தரையில் நின்று "எறங்கியாச்சி" என்று சொன்னால்தான் விசில். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். "லேய், வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று நீங்கள் கேட்பீர்கள். தங்கப்பன் மாமா முன்னாலிருந்து கத்துவார்: "வோய், இது பஸ்ஸா, கல்யாண வீட்டுப் பந்தியா? ஒவ்வொருத்தனா விசாரிச்சிக்கிட்டு நிக்கீரே!"

ரூட் முழுக்க அது ஒரு தமாஷ். நீங்கள் ரிட்டயர் ஆன பிறகும் எங்கள் பள்ளியில் மாடிப்படி இறங்கும்போதுகூடப் பிள்ளைகள் உங்கள் குரலில் கேட்பார்கள். நீங்கள் ஏன் அப்படிக் கேட்கிறீர்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

தங்கப்பன் மாமா போனார். மழை விட்டிருந்தது. நான் யூனிபாரத்தைக்கூட மாற்றவில்லை. உங்களை விளைக்குக் கூட்டிவந்தேன். பத்து தென்னை ஒழுங்காகச் சொன்னீர்கள். பதினொன்றாவதில் நின்று "பால" என்று ஆரம்பித்தீர்கள். நான் தாளை நீட்டினேன்.

"இல்ல பெரியப்பா. எடையில ஒண்ண விட்டுட்டு வாறியள். கண்டுபிடிச்சிட்டேன் பாத்துக்கிடுங்க. மதகடி!"

நீங்கள் தாளைப் பார்க்கவில்லை. கால்வாய் இருக்கிற திசையைப் பார்த்தீர்கள். பிறகு உங்கள் வலது கை தானாக மேலே எழுந்தது. நான்கு மாதமாக ஒரு பந்தைக்கூடப் பிடிக்காத கை. அது மார்புக்கு வந்து விசிலைப் பிடித்தது. அக்கா பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார். நான் தட்டினேன் பெரியப்பா. சத்தமாகத் தட்டினேன்.

"மதகடி," என்றீர்கள். திக்கவில்லை. பழைய குரல். என் நனைந்த பாவாடையை, சேறு ஒட்டிய செருப்பை, தோளில் கிடந்த பையைப் பார்த்தீர்கள். "எறங்கிட்டியா மக்கா?"

பழைய தமாஷ் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"எறங்கலியே! இன்னும் பன்னெண்டு ஸ்டாப்பு கெடக்குல்லா!"

உங்கள் முகத்தை நான் இப்போதும் எழுத மாட்டேன்.

நீங்கள் விசிலை வாயில் வைத்து ஊதினீர்கள். காற்று இல்லை, முழுச் சத்தம். ஒன்று. நிறுத்தி, மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று. நில், நில், நில். பெரியம்மா ஓடிவந்தார். நான் தாளை மறைக்கத் தேடினேன். தாள் என் கையில் இல்லை. உங்கள் இடது கை மூடியிருந்தது.

அன்று இரவும் மறுநாள் இரவும் நீங்கள் உறங்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ஒற்றை விசில், அதோடு "மதகடி" என்று ஒரு கத்தல். பக்கத்தில் எங்கள் வீட்டில் படுத்திருந்த எனக்குக் கேட்டது. காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்டது. இரண்டாம் நாள் சாயங்காலம் கஞ்சி ஊட்ட நான் வந்தபோது, நீங்களாகவே சொன்னீர்கள். முழுவதுமாக இல்லை. அங்கொன்றும் இங்கொன்றும். மதகடி. மழை. கூட்டம். பின்படியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம். நீங்கள் முன்பக்கம் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தீர்கள். பின்னால் யாரோ "எறங்கியாச்சி" என்றார்கள். "நான் பாக்கல," என்றீர்கள். "ரெண்டு விசிலு. நான் பாக்கல." அந்தப் பிள்ளை ஒரு காலைத்தான் தரையில் வைத்திருந்தாள்; பின்சக்கரத்துக்குள் போய்விட்டாள். ஒன்பதாம் வகுப்பு. உங்கள்மேல் குற்றமில்லை என்று கேஸ் முடிந்ததாம். அதற்கப்புறம்தான் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேட்க ஆரம்பித்தீர்கள்.

மூளைக்குள் இரத்தக்குழாய் அடைத்தபோது உங்களிடமிருந்து எத்தனையோ போனது. ஆனால் முப்பத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக அதுவும் போயிருந்தது. நான்கு மாதம் நீங்கள் அந்த மழை இல்லாமல் இருந்தீர்கள். பெரியம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதனால்தான் இருபத்திரண்டு போதும் என்றிருக்கிறார். சுற்று வழியில் போய்க்கொண்டிருந்த பஸ்ஸை நான் கையைப் பிடித்து இழுத்து அந்த வளைவுக்கே கொண்டுபோய் நிறுத்தினேன்.

மூன்றாம் நாள் விடியுமுன் கட்டில் காலியாக இருந்தது. நீங்கள் ஊன்றி நடக்கிற கம்பு மூலையில் சாய்ந்திருந்தது. கம்பில்லாமல், விளையைத் தாண்டி, மெயின் ரோட்டு வெயிட்டிங் ஷெட்வரை நடந்திருக்கிறீர்கள். நாம் ஒரு நாளும் அவ்வளவு தூரம் போனதில்லை. நான் அப்புறம் எண்ணிப் பார்த்தேன். அறுநூற்று நாற்பது அடி. முதல் பஸ் வந்திருக்கிறது. நீங்கள் ஒற்றை விசில் அடித்து நிறுத்தியிருக்கிறீர்கள். ஏறவில்லையாம். பின்படியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, சக்கரத்துக்கு அடியில் பார்த்தீர்களாம். அந்தக் கண்டக்டர்தான் உங்களைத் தாங்கி ஷெட்டில் உட்காரவைத்தார். நாங்கள் ஓடிவந்தபோது உங்கள் தலை சாய்ந்திருந்தது. விசில் மடியில் கிடந்தது. எல்லோரும் உங்களைத் தூக்கியபோது நான் அதை எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. இனி ஒரு தடவைகூட அந்தச் சத்தம் கேட்கக்கூடாது என்று நினைத்திருக்கலாம்.

உங்கள் காலுக்கு அந்த நடையைக் கொடுத்தது நான். போகிற இடத்தைக் கொடுத்ததும் நான்.

மூளையில் மறுபடியும் அடைப்பாம். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். உங்கள் இடது கை மூடியபடியே இருந்தது. விரலை விரிக்க நர்ஸ் முயன்றார், முடியவில்லை. நோயில் இறுகிவிட்டது என்றார்கள். மறுநாள் சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து நேரே வந்து அந்தக் கையைத் தொட்டேன். திறந்தது. உள்ளே என் தாள், வியர்வையில் நனைந்து, சிறு உருண்டையாக. என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை மூடிவிட்டீர்கள். பெரியம்மா அந்தப் பக்கம் நர்ஸிடம் பேசிக்கொண்டிருந்தார். நீங்கள் என்னையே பார்த்துக் கேட்டீர்கள். உதடு ஒரு பக்கம்தான் அசைந்தது.

"எறங்கிட்டியா மக்கா?"

ஒரே ஒரு சொல் பெரியப்பா. "எறங்கிட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் எனக்கு எல்லாம் தெரியும் என்பது பெரியம்மாவுக்குத் தெரிந்துவிடும். எப்படித் தெரியும் என்று கேட்பார். தாள் வெளியே வரும். நான் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டேன். நீங்கள் காத்திருந்தீர்கள். நிறுத்தத்தில் பிள்ளைகள் பதில் சொல்லும்வரை காத்திருப்பீர்களே, அப்படிக் காத்திருந்தீர்கள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அப்புறம் கண்ணை மூடினீர்கள். விடியற்காலையில் பெரியம்மா அழுகிற சத்தத்தில்தான் நான் எழுந்தேன்.

உங்களை விளைக்குக் கொண்டுபோனபோது தங்கப்பன் மாமா வேலிப் படலைக்கு வெளியே நின்றார். பெரியம்மா எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"வே, நல்லா இருந்த மனுசன். நீரு வந்துட்டுப் போன அன்னைக்குத்தான் ஒத்த விசிலு அடிக்க ஆரம்பிச்சாரு. அந்த எடத்துப் பேர எதுக்கு வே ஓர்மிப்பிச்சீரு? வேற கத கெடைக்கலியா ஒமக்கு?"

மாமா இல்லை என்று சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "தப்பு எனக்குதான் அக்கா. வண்டிய எடுத்தது நான்தானே," என்றார். அவர் முப்பத்தெட்டு வருடத்துக்கு முந்தைய நாளைச் சொன்னார். பெரியம்மா இந்தத் திங்கட்கிழமையைக் கேட்டார். நடுவில் நான் நின்றேன். அழுகிற முகத்தோடு நின்றதால் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

அவர் தினமும் சாயங்காலம் வெயிட்டிங் ஷெட்டில் வந்து உட்கார்கிறார். நம் படலையைப் பார்க்கிறார். கடைசி பஸ்ஸில் திரும்பிப் போய்விடுகிறார். இன்று அம்மா மெதுவாக ஆரம்பித்தாள். "நாளைக்கு அவியளயும் விளிக்கலாம்லா மைனி? எத்தன வருசம் ஒரே வண்டியில போனவிய."

"அந்த ஆளு என் முற்றம் மிதிச்சா நான் எலையில கை வைக்க மாட்டேன்," என்றார் பெரியம்மா.

பிசியோ அக்கா போன வாரம் வந்திருந்தார். நான் விளைப்பக்கம் பார்க்காமல் நிற்பதைக் கண்டு என் தலையைத் தடவினார். "நடந்ததுனால வந்ததுன்னு நெனச்சியா? அப்படி இல்ல மக்கா. ரெண்டாவது தடவ வாறது யாரு கையிலயும் இல்ல. நடந்ததுனாலதான் பெரியம்மாவ பேரு சொல்லி விளிச்சாரு. அத நெனச்சுக்கோ." நினைத்துக்கொள்கிறேன். செல்லம், வெள்ளம் கொண்டா. அதை நினைத்தால் கொஞ்ச நேரம் மூச்சு விட முடிகிறது. ஆனால் அக்காவுக்குத் தாளைப் பற்றித் தெரியாது.

நான் இன்னும் எண்ணிக்கொண்டுதான் நடக்கிறேன் பெரியப்பா. பள்ளிக்கூட வராந்தாவில், கடைக்குப் போகிற வழியில், கால் தானாக எண்ணுகிறது. பஸ்ஸில் இறங்கியதும் தரையில் இரண்டு காலையும் ஊன்றி, யாரும் கேட்காவிட்டாலும், "எறங்கியாச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்கிறேன். நேற்று கண்டக்டர் அண்ணன் சிரித்தார். சின்ன வயசு. சிரிக்கட்டும்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் நீங்கள் யாரிடம் கேட்டீர்கள்? யூனிபாரத்தைப் பார்த்து அவள் என்று நினைத்துக் கேட்டீர்களா? அல்லது என்னைத் தெரிந்து, என் கையில் தாளை வைத்துவிட்டு, நான் பத்திரமாக இறங்கிவிட்டேனா என்று கேட்டீர்களா? இரவில் ஒரு தடவை அப்படியும் மறுதடவை இப்படியும் தோன்றுகிறது. அவளுக்காக நான் பதில் சொல்ல முடியாது. எனக்காகத்தான் சொல்ல முடியும். சொல்ல வேண்டுமென்றால் நான் முதலில் இறங்க வேண்டும். தங்கப்பன் மாமாவை வெளியே நிறுத்திவிட்டு நான் உள்ளே உட்கார்ந்து உங்கள் பெயரில் போடுகிற சோற்றைத் தின்ன முடியாது.

காலையில் இலை போடுமுன் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். தாளையும் விசிலையும் பெரியம்மாவின் கையில் வைத்துவிட்டு, அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு, அப்புறம் ஓடிப்போய் மாமாவைக் கூட்டிவர வேண்டும். பெரியம்மா என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும். தினமும் இந்த அறையில் அது காதில் கேட்கிறது. "நீ தோண்டாண்டாம்னு சொன்னேன்லா." அதைச் சத்தமாகக்கூடச் சொல்லமாட்டார். மெதுவாகச் சொல்வார். அதுதான் பயம். எனக்கு...

முன்னறையில் பாய் சரசரக்கிறது. யாரோ எழுந்திருக்கிறார்கள். அம்மாவின் நடை இல்லை.

கதவில் ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு.

"ஏட்டி மக்கா, இன்னும் லைட்டு எரியுது. நீயும் ஒறங்கலியா? எனக்கும் ஒறக்கம் வரல. கதவத் தொற."

பெரியம்மா. தாள் மேசைமேல் விரிந்து கிடக்கிறது. விசிலும் வெளியேதான் இருக்கிறது. பாக்ஸுக்குள் போட்டு மூட ஒரு நொடி போதும். கை போகவில்லை பெரியப்பா.

இன்னொரு தட்டு. இரண்டு ஆகிவிட்டது.

நான் எறங்குதேன் பெரியப்பா. ரெண்டு காலும் ஊனிட்டுச் சொல்லுதேன், அதுக்கப்புறம் விசில்...